கண் கிளினிக்கில மூடிக் கிடக்கிற ஓ.சி.டி மெஷினை திருத்தித் தரச்சொல்லி மனு

மதிப்புக்குரிய பணிப்பாளர் சேர் அவர்களுக்கு,

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில இருந்து எழுதுறன். இதுக்கு முதலும் கடிதம் தந்தனான், கவுண்டரில சீல் அடிச்சுத் தந்த கொப்பி கையில இருக்கு, பதில்தான் இல்ல. எங்கட பக்கம் சேருக்குத் தெரியாததில்ல, ஜம்பட்டா வீதியால விடியவே வெளிக்கிட்டாலும் வந்து சேரக்க நம்பர் கியூ கேட்டடி வரைக்கும் நிக்கும், அத விடுங்க, அது பழகிட்டுது.

1. அம்மாவுக்கு ரெண்டு கண்ணிலயும் குளுக்கோமா, கண் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா பழுதாகிற வருத்தம். கிளினிக்கில ஓ.சி.டி மெஷின், அதுதான் வெளிச்சத்தால கண்ணுக்குள்ள ஸ்கேன் எடுத்து நரம்புப் படலத்தின்ட தடிப்ப அளக்கிறது, பழுதாம், கவர் போட்டு மூடி வச்சிருக்கு. "வெளிய எடுத்துட்டு வாங்க" எண்டு துண்டு எழுதித் தாறாங்க.

2. காசு ஒரு பக்கம் கிடக்கட்டும். முதல் ஸ்கேன் உங்கட மெஷினில எடுத்தது, வலது கண்ணில நரம்பு நார்ப் படலத்தின்ட தடிப்பு சராசரி 84 மைக்ரோன். ஒரு மைக்ரோன் எண்டா மில்லிமீட்டரில ஆயிரத்தில ஒரு பங்கு, அவ்வளவு நுணுக்கமான கணக்கு. அடுத்தது வெளிய ஒரு இடத்தில எடுத்தம், 77. பிறகு அங்க ஆள் இல்லையெண்டு இன்னொரு இடத்தில, 88. செத்த நரம்பு திரும்ப வளருமா சேர்? டொக்டர் மூண்டு பேப்பரையும் மேசையில பரத்தி வச்சுப் பார்த்திட்டு, ஒவ்வொரு கொம்பனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி அளக்கும், இத வச்சு வருத்தம் கூடுதா அப்பிடியே நிக்குதா எண்டு சொல்ல ஏலாது எண்டார். அப்ப நாங்க குடுத்த காசு எதுக்கு? கண் பிரஷர் 16ல நிக்குது எண்டு நிம்மதியா இருக்கவும் ஏலாது, சாதாரண எல்லை எண்டு சொல்லுற 21க்குக் கீழ இருந்தும் நரம்பு பழுதாகிற ஆக்கள் இருக்காங்களாம். சுத்திவரப் பார்வை எவ்வளவு தெரியுது எண்டு பார்க்கிற ஃபீல்ட் டெஸ்டில பார்வை குறைஞ்சது தெரியிறதுக்கு முதலே கன நார் போயிடுமாம், போனது வராது, அதுக்கு முன்னமே பிடிக்கத்தானே சேர் இந்த மெஷின வாங்கினது!

3. இடது கண்ணில புரை முத்திட்டுது, ஓ.சி.டி வெளிச்சம் உள்ள போகாது, வெளிய எடுத்த பேப்பரிலயும் சிக்னல் குறைவு எண்டுதான் அடிச்சு வந்தது. பி ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் எண்டா மூடின இமைக்கு மேல ஜெல் பூசிப் பார்ப்பாங்க, கண்ணுக்குப் பின்னால நரம்பு வந்து சேர்ற நரம்புத் தலையில, குளுக்கோமாவால குழி நல்லா ஆழமாகியிருந்தா அதில தெரியும். சின்ன மாற்றம் தெரியாதுதான், எண்டாலும் ஒண்டுமே தெரியாம இருக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். அந்த மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா குளுக்கோமா கிளினிக் நாளில அந்த அறை பூட்டு, திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டா ஆளுக்கு ஆள் கை காட்டுறாங்க.

4. திருத்த ஏலாட்டி ஏலாது எண்டாவது சொல்லுங்க. எந்த மாசம் கேட்டாலும் "அடுத்த மாசம்" எண்டா நாங்க என்ன செய்யிறது? அம்மா இப்ப கடைசிப் படிய காலால தடவித்தான் இறங்குறா, தேத்தண்ணிக் கோப்பைய மேசை விளிம்புக்கு வெளிய வச்சு விழுத்துறா, கேட்டா கை வழுக்கிட்டுது எண்டுறா.

5. கிளினிக்கில ஒட்டுற அறிவித்தல தமிழிலயும் ஒட்டுங்க.

தயவு செய்து சேர், மெஷின திருத்தித் தாங்க. அதுவரைக்கும் வெளிய அனுப்புறதெண்டா எல்லாரையும் ஒரே இடத்துக்கு, ஒரே மெஷினுக்கு அனுப்ப ஒழுங்கு செய்யுங்க, அப்பதான் அடுத்த ஸ்கேனையாவது ஒண்டோட ஒண்டு வச்சுப் பார்க்கலாம். பி ஸ்கேன் அறைய கிளினிக் நாளில திறக்கச் சொல்லுங்க, இதுக்கு டெண்டர் ஒண்டும் தேவையில்ல. அடுத்த கிளினிக்குக்கு முதல் பதில் எழுத்தில வேணும், தயவு செய்து.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின்ட மகள், கொட்டாஞ்சேனை