ஆரோக்கிய அன்னை கோவில் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்கு மக்களுக்கும், ரங்கூனிலும் தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

2024 கிறிஸ்துமஸ் கழிந்து, களத்து நெல் வீடு வந்து சேர்ந்த கையோடு தொடங்கிய கோவில் வேலை, 2025 ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கு முன் முடிந்தது. செப்டம்பர் 8 பெருவிழாத் திருப்பலிக்கு முன்பாகப் பங்குத்தந்தை கோவிலை ஆசீர்வதித்து மந்திரித்தார். திருவிழாவுக்கு வந்தவர்களில் பலர் சுற்றிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: "இவ்வளவு பணம் வாங்கினீர்களே, எதைக் கட்டினீர்கள்?" கேட்க வேண்டிய கேள்விதான். மணிக்கூண்டு வரும் என்று சொல்லித்தான் வசூல் செய்தோம், மணிக்கூண்டு இல்லை. இருந்த செங்கல் முகப்பையும் காணோம். வெளிச்சுவருக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. புதுத் தகரம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. பணம் போன இடங்கள் தரைக்குக் கீழேயும் சுவர்த் தலையிலும் இருக்கின்றன. இந்த அறிக்கை பெரும்பாலும் அந்த இடங்களைப் பற்றியதே.

கோவிலின் கதை உங்களுக்குத் தெரியும். வெளியூரில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சுருக்கமாக. 1880-களில் பர்மாவில் ரங்கூனிலிருந்து தவுங்குவுக்கு ரயில் வந்தது. அதன் இருபுறமும் காடு திருத்தி நெல்வயல் ஆக்க, தஞ்சாவூர்ச் சீமையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் ஆட்கள் கப்பலில் வந்தார்கள். அவர்களில் வேதக்காரக் குடும்பங்களும் இருந்தன. முதலில் மூங்கில் தட்டியும் 'தனி' எனப்படும் நிப்பா பனை ஓலையுமாக ஒரு ஜெபக்கூடம். பிறகு பிரெஞ்சுக் குருக்கள் காலத்தில் இந்தச் செங்கல் கோவில். 1964-ஐ ஒட்டி ஊரில் பெரும்பகுதி கப்பலேறிவிட்டது. 1965-ல் மிஷன் பள்ளிகள் அரசுடைமையாயின. சுதந்திரத்துக்குப் பின் வந்திருந்த வெளிநாட்டுக் குருக்கள் 1966-ல் நாட்டை விட்டுப் போகவேண்டியதாயிற்று. அதன்பின் நீண்ட காலம் இங்கே பூசை அபூர்வம். உபதேசியார்தான் செபமாலை சொல்லி, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுத்து, ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக் கோவிலைக் காப்பாற்றினார். அந்த வாளிகள் அண்மைக்காலம் வரை வேலையில் இருந்தன.

நம் பெருவிழா மழைக்காலத்தில் வருவதை யாராலும் மாற்ற முடியாது. வேளாங்கண்ணியில் கொடி ஏறும்போது அங்கே வெயில், இங்கே அடைமழை. சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். ரங்கூனில் அது ஏறக்குறைய 2,700. அதில் பெரும்பகுதி மே மாத நடுவிலிருந்து அக்டோபருக்குள் கொட்டிவிடுகிறது. நவநாள் ஒன்பதும் நனைந்தே நடக்கும். ஆகவே இந்தக் கோவிலுக்கு முதல் தேவை ஒழுகாத கூரை, இரண்டாவது தேவை தண்ணீர் நிற்காத முற்றம் என்பதில் குழுவுக்குள் தொடக்கம் முதலே கருத்து வேறுபாடு இல்லை. மணிக்கூண்டு மூன்றாவதாகத்தான் வந்தது. ஆனால் வசூல் நோட்டீசில் அதுதான் முதலில் இருந்தது. கூரைக்கும் சாக்கடைக்கும் யார் காசு தருவார்கள் என்பது அன்றைய வாதம்.

சுவரில் என்ன கோளாறு என்பது பூச்சைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. அது மழைக்காலத்தில் ஈரம் வாங்கும், கோடையில் விட்டுவிடும். பிற்காலத்தில் யாரோ பலமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியே வர வழியில்லாமல், இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மாவாகிவிட்டிருந்தது. விரலால் தோண்டினால் உதிர்ந்தது. பீடத்துக்குப் பின்சுவரில் உப்புப் பூத்ததைச் சிலர் பல ஆண்டுகளாகப் புதுமை, அதாவது அற்புதம், என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் மனம் நோக வேண்டாம் என்று அந்த இடத்தைக் கடைசியாகத்தான் தட்டினோம்.

உதிர்ந்த செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுப் புதியது வைத்து, மறுபடி சுண்ணாம்பே பூசினோம். இதற்குக் கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. சிமெண்டு வேலைக்காரர் தெருவுக்கு ஒருவர் உண்டு. சுண்ணாம்பை நீற்றி, குழியில் ஊறவைத்துப் பூசத் தெரிந்தவர் குறைவு. கடைசியில் பகோடாக்களில் பழுது பார்க்கும் பர்மியக் கொத்தனார்கள் வந்து செய்து கொடுத்தார்கள். பீடத்துப் பக்கம் வேலை செய்யும்போது ஒருவரும் செருப்போடு ஏறவில்லை. நாங்கள் சொல்லி அல்ல; அவர்கள் வழக்கம் அது. நம் பிள்ளைகள் சிலர் அன்று முதல் செருப்பை வாசலில் விடுகிறார்கள்.

இனி முற்றம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் பந்தல் போடச் சேறாக இருக்கிறது என்று வண்டி வண்டியாக மண் அடித்தோம். தலைமுறை தலைமுறையாக அடித்த மண். அதன் பயன், முற்றம் உயர்ந்து கோவில் தரை பள்ளமாயிற்று. மழை பெய்தால் தண்ணீர் வாசற்படி வழியாக உள்ளே வந்து பீடத்தை நோக்கிப் போகும். இந்த முறை ஒரு கூடை மண்கூட அடிக்கவில்லை. மாறாக, சுவரை ஒட்டிப் பழைய படிக்கல் தெரியும் வரை மண்ணை வெட்டி எடுத்து, நாலு பக்கமும் வடிகால் கட்டி, வயல் வாய்க்காலில் கொண்டு சேர்த்தோம். வெட்டிய மண் கல்லறைத் தோட்டத்துப் பாதைக்குப் போயிற்று. இந்த வடிகாலுக்கு உபயம் தர ஒருவரும் முன்வரவில்லை என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மின்விசிறிக்கு நான்கு பேர் போட்டி.

மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பழைய தகரத்தைக் கழற்றி முடித்திருந்தோம். பகல் ஒரு மணிக்குச் சற்று முன், வேலையாட்கள் மாமரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பூமி ஆடியது. பூமிக்கடியில் ஓடும் சகாயிங் பிளவு 450 கிலோமீட்டருக்கு மேல் கிழிந்த 7.7 அளவு பூகம்பம் அது. மண்டலேயிலும் சகாயிங்கிலும் நேப்பிடோவிலும் நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். 3,700-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்த முஸ்லிம் சகோதரர்கள் பலர் மசூதிகளுக்குள்ளேயே இறந்தார்கள். தவுங்குப் பக்கமும் கட்டடங்கள் விழுந்தன. நம் ஊரில் உயிர்ச்சேதம் இல்லை. கோவிலில் வடமேற்கு மூலை பிளந்தது. முகப்பின் உச்சியில் இருந்த செங்கல் முக்கோணம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நின்றது. அன்று மாலைச் சிலுவைப்பாதை முற்றத்தில் நடந்தது. பெயருக்கு ஒரு கயிறு கட்டி, பிள்ளைகளை முகப்புப் பக்கம் போகவிடாமல் மரியாயின் சேனைப் பெண்கள் காவல் நின்றார்கள்.

அடுத்த ஞாயிறு கூடிய கூட்டத்தில் மணிக்கூண்டைக் கைவிட்டோம். அந்தக் கூட்டத்துக்கு வராதவர்களே இன்று அதிகம் கேட்பதால் காரணத்தை எழுதுகிறோம். சகாயிங் பிளவு பெகு நகரத்துக்கு அருகே ஓடுகிறது. 1930 மே 5-ல் பெகு ஆடியபோது ஷ்வேமாடோ பகோடா சரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ப்யூவில் இன்னொரு பெரிய பூகம்பம். பெகுவுக்குப் போனால், அதற்கும் முந்தைய பூகம்பம் ஒன்றில் உச்சியிலிருந்து விழுந்த செங்கல் பாறை பகோடாவின் காலடியில் கிடப்பதை இன்றும் பார்க்கலாம். பூகம்பத்தில் முதலில் விழுவது உயரத்தில் இருக்கும் பாரம்: கோபுரம், கைப்பிடிச் சுவர், முகப்பு முக்கோணம். அதற்குக் கீழேதான் நாம் பூசை முடிந்து நின்று பேசுகிறோம். நூறாண்டு தாண்டிய சுவரின் தோளில் புதிதாக ஒரு செங்கல் கோபுரத்தை ஏற்றுவதற்கு, ஊரில் ஒருவர் கேட்கிறார், இருவர் கேட்கிறார் என்று கையெழுத்துப் போட எங்களுக்குத் துணிவு இல்லை; இனியும் வராது.

கோபுரத்துக்கு வாங்கிய கம்பியும் சிமெண்டும் வேறு இடத்துக்குப் போயின. நான்கு சுவர்களின் தலையிலும் சுற்றிவரக் கம்பி கட்டிக் கான்கிரீட் பீம் போட்டோம். பெட்டியைச் சுற்றிக் கட்டிய கயிறு போல அது நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மூலைகளில் செங்கல்லுக்கு ஊடே கம்பி செருகித் தைத்தோம். சாய்ந்த முக்கோணத்தை முழுவதும் இறக்கிவிட்டு, அதே வடிவத்தில் மரச்சட்டமும் தகடும் வைத்தோம். "முகப்பு பொய்யாகிவிட்டது" என்று ஒரு பெரியவர் சொன்னார். அழகு குறைந்ததை ஒப்புக்கொள்கிறோம். விழுந்தால் இலேசாக விழும். மணி, பிரெஞ்சுக் குருக்கள் காலத்து அதே மணி, முற்றத்தில் நான்கு பியின்கடோ மரக்கால்களில் ஆள் எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே தொங்குகிறது. ஓசை முன்பைவிடக் குறைவு என்பது ரயில் பாதைக்கு அப்பால் இருப்பவர்களின் புகார். அவர்கள் முன்பும் பிந்தித்தான் வந்தார்கள்.

நேரம்தான் எங்களைத் துரத்தியது. மழை இறங்குவதற்குள் பீம் காய்ந்து கூரை ஏற வேண்டும். அந்த ஏப்ரலில் நமது புனித வாரமும் திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தன. கொத்தனார் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். பாஸ்காத் திருவிழிப்புப் பந்தலில் நடந்தது. வெல்டிங் வேலைக்கு மின்சாரம் வரும் நேரத்துக்காகக் காத்திருந்தோம். நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில் வேலை. ஊரில் இளைஞர்கள் குறைவு, காரணம் எல்லோருக்கும் தெரியும். தகடு தூக்கியவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். கரேன் இனக் குடும்பங்கள் முறை வைத்து ஆள் அனுப்பினார்கள். பக்கத்துப் பர்மியக் கிராமத்திலிருந்து காலைதோறும் மொகிங்கா என்னும் மீன் குழம்பு நூடுல்ஸ் வந்தது. அதற்கு அவர்கள் காசு வாங்கவில்லை. வாங்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தியதில் அவர்களுக்கு வருத்தம் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

கூரைத் தகடு விஷயத்தில் ஒரு தகராறு நடந்தது. முதலில் வந்திறங்கிய தகடு, சொன்ன கனத்தைவிட மெல்லியது. அளவுக்கருவி வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினோம். கடைக்காரர் நம்மவர்தான்; பெயர் வேண்டாம். இரண்டாவது சரக்கு சரியாக இருந்தது. இறவாரத்தை முன்பைவிட நீட்டியிருக்கிறோம். சாரல் சுவரில் படாமல் தள்ளி விழும்.

பணத்தைப் பற்றி. வரவு செலவு முழுவதும் பங்குப் பேரவையில் படிக்கப்பட்டு, பூசை உடுப்பறையான சக்ரீஸ்துக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. இந்த அறிக்கை பல கைகளுக்குப் போகும் என்பதால் தொகைகளை இங்கே அச்சிடவில்லை. பெரிய செலவு கம்பியும் சிமெண்டும், அடுத்தது தகடு, அதற்கடுத்து கூலி. பூகம்பத்துக்குப் பிறகு கட்டுமானப் பொருள் விலை ஏறியபோது நாங்கள் தப்பித்ததற்குப் பொருளாளரின் பிடிவாதமே காரணம். வசூலான கியாட் பணத்தை அவர் பெட்டியில் வைக்கவே விடவில்லை. வந்த வாரமே கம்பியாக, மூட்டையாக மாற்றிவிடுவார். 1964, 1985, 1987 என்று மூன்று முறை கையிலிருந்த நோட்டு செல்லாமல் போனதைப் பார்த்த குடும்பம் அவருடையது.

கல்வெட்டில் தந்தவர்கள் பெயர் இல்லை. தமிழிலும் பர்மியத்திலும் அன்னையின் பெயரும் ஆண்டும் மட்டும் இருக்கின்றன. இதில் சிலருக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. பழைய குழல்விளக்கில் வெளிச்சத்தை மறைக்கும் அளவுக்கு 'உபயம்' எழுதியிருந்ததை நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். பெரிய தொகை தந்தவரையும், தினக்கூலியில் ஒரு நாளை விட்டுக்கொடுத்தவரையும் எந்த வரிசையில் எழுதுவது என்று மூன்று கூட்டம் பேசியும் முடிவு வரவில்லை. ரசீது அனைவருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது.

திருவிழா பற்றி ஒரு சொல். கொடியேற்றத்தன்று காலை முதல் மழை. உள்ளே வாளி ஒன்றுகூட வைக்கவில்லை. சப்பரம் வழக்கம்போலத் தார்ப்பாய் போர்த்தித்தான் சுற்றியது. அதற்கு நம்மிடம் மருந்து இல்லை. திரும்பி வந்தபோது முற்றத்தில் கணுக்கால் தண்ணீர் இல்லாததைப் பந்தல்காரர் முதலில் கவனித்துச் சொன்னார். எட்டாம் தேதி அசனத்துக்கு எதிர்பார்த்ததைவிட ஆட்கள் அதிகம். இரண்டாம் பந்தியில் கறி தீர்ந்துவிட்டது. அது திருவிழாக் குழுவின் கணக்கு, எங்களுடையது அல்ல.

மீதமுள்ளவை இவை. வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மழை விட்ட பிறகுதான் முடியும். ஈரச் சுவரில் அடித்தால் நிற்காது. நவம்பர் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு தொடங்கலாம் என்று கொத்தனார்கள் சொல்லியிருக்கிறார்கள். சுண்ணாம்பு வாங்கி வைத்தாயிற்று, கூலிக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. புது வசூல் கிடையாது. வடிகாலை ஆண்டுதோறும் ஏப்ரலில் தூர்வார வேண்டும். பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களான அன்பியங்கள் முறை வைத்துச் செய்வதாக ஏற்றுக்கொண்டிருக்கின்றன. பந்தலுக்காக யாரும் முற்றத்தில் மண் அடிக்கக் கூடாது என்று பேரவை தீர்மானம் போட்டிருக்கிறது. சுவரில் ஆணி அடித்து மாலை மாட்ட வேண்டாம். அதற்கென்று கொக்கிகள் வைத்திருக்கிறோம்.

கழற்றிய பழைய தகரம் கோவிலுக்குப் பின்னால் அடுக்கியிருக்கிறது. ஓட்டை உண்டு என்றாலும் மாட்டுக்கொட்டகைக்கு ஆகும். வேண்டியவர்கள் கோவில்பிள்ளையிடம் பெயர் கொடுக்கவும். பூகம்பத்தில் வீட்டுச் சுவர் விழுந்தவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு. விலை இல்லை. வண்டிக்கூலி அவரவர் பொறுப்பு.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்