சோலைச் சரிவில் பெரணி அறுப்பு வேண்டி மறு மனு

பெறுநர்: மாவட்ட வன அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: மேல்மலைச் சோலையோர ஊர்ப் பொதுமக்கள், நாற்றங்கால் பணியாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சீகை (வாட்டில்) மரம் வெட்டியெடுத்த சரிவு தாங்கள் நன்கு அறிந்ததே. மேல் ஓடைக்கும் பழைய தீத்தடுப்புக் கோட்டுக்கும் இடையே நட்டதும் தானாக முளைத்ததுமான சோலை மரக்கன்றுகளைப் பிராக்கன் என்ற பெரணிச் செடி இடுப்பளவு மூடிக் கிடக்கிறது. முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் பணிந்து கேட்கிறோம்.

1. இப்போது வருடம் ஒருமுறை, பெரணி காய்ந்தபின் அறுக்கிறார்கள். அதற்குள் தழையின் சத்தெல்லாம் மண்ணுக்கடியில் உள்ள கிழங்குத்தண்டுக்கு இறங்கிவிடுகிறது. கோடை மழையில் சுருண்ட இளந்தழை எழுந்து தழை முழுதாக விரிந்ததும் அறுக்க வேண்டும். கிழங்கில் இருப்பு குறைந்திருப்பது அப்போதுதான். ஆறு வாரம் கழித்து மறு அறுப்பு. மூன்று வருடமாவது விடாமல்.

2. ஜேசிபி வேண்டாம். கிழங்குத்தண்டு வெட்டுப்பட்டால் துண்டுக்குத் துண்டு முளைக்கும்.

3. மரக்கன்றுகள் சாகின்றன, ஐயா. எங்களை வாட்டுவது இதுதான். நாவல், செண்பகம், காட்டு இலவங்கம் எல்லாம் நிழல் தாங்கும் சாதி. நிழல் மட்டும் அவற்றைக் கொல்வதில்லை. காய்ந்த பெரணி எளிதில் மட்காமல் மெத்தையாகச் சேர்கிறது. பறவை போட்ட விதை மண்ணைத் தொடாமல் அதன் மேலேயே காய்கிறது. தப்பி முளைத்ததையும், உறைபனியில் கருகிய தழை மொத்தமாகச் சாய்ந்து அமுக்கிவிடுகிறது. விலக்கிப் பாருங்கள்: வெளுத்த தண்டு, இரண்டே இலை, தரையோடு வளைந்து கிடக்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்குச் சருகைக் கையால் அள்ள வேண்டும். அரிவாள் வைக்குமுன், தானாக முளைத்த கன்றுக்கும் குச்சி நட்டுத் துணி கட்ட வேண்டும். பெரணியோடு சேர்த்துக் கன்றையும் அறுத்துப் போட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? பனி தங்கும் பள்ளத்தில் மட்டும் கன்றுக்கு மேல் நாலு தழை விடலாம். அதையும் இடம் பார்த்துத்தான் செய்ய முடியும். நட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் சோலை வந்துவிடுமா? நடுவதற்கு இருக்கும் பணம் அறுப்பதற்கு இல்லையா?

4. தீப் பிடித்தால் கன்றும் சோலை ஓரமும் போகும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் பத்திரமாக இருந்து முதலில் தலைநீட்டும். தை முடிவதற்குள் சருகை அகற்றியாக வேண்டும்.

5. பெரணி அந்நியச் செடி இல்லை, ஒழிப்புத் திட்டத்தில் வராது என்கிறார்கள். ஆமாம், இந்த மலைச் செடிதான். அடியில் சாகும் கன்றுக்கு அதில் என்ன வித்தியாசம், ஐயா?

கோடை மழைக்கு முன் அறுப்பு ஆணை தர வேண்டுகிறோம். ஒரு வருடத்துக்கு அல்ல, மூன்று வருடத்துக்கும் சேர்த்து ஆணை தரும்படி மன்றாடிக் கேட்கிறோம். ஒருமுறை நேரில் வந்து அந்தச் சருகை விலக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள், நாற்றங்கால் பணியாளர்கள்