கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கைதட்டல் பதிவாகாது

ஆசிரியருக்கு,

சுரங்கம், அனல்மின் நிலையம், ரசாயன ஆலை போன்ற திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்றாலே 'கூச்சல், குழப்பம், வெளிநடப்பு' என்றுதான் செய்தி வருகிறது. வெளியேறியவர்கள் சொன்னது கூட்டக் குறிப்பில் ஏறியதா என்று எவரும் கேட்பதில்லை.

அங்கே வாக்கெடுப்பு கிடையாது. தலைமை வகிக்கும் ஆட்சியருக்கோ அவர் சார்பில் வரும் அதிகாரிக்கோ திட்டத்தை ஏற்கவும் தள்ளவும் அதிகாரமில்லை. பதிவான கருத்துகள், திட்டத்தைப் பரிசீலித்து அரசுக்குப் பரிந்துரை செய்யும் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவுக்குப் போகும். சுற்றுச்சூழல் அனுமதியை முடிவு செய்வது அதற்குப் பிறகு. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதியும் இல்லை. பத்துப் பேர் வந்தாலும் செல்லும். புறக்கணிப்பு நிறுவனத்துக்கே லாபம்.

மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அந்த 30 நாளில்தான் உண்மையான வேலை. திட்டத்தால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று சொல்லும் வரைவு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்கும். தமிழ்ச் சுருக்கத்தோடு நின்றுவிடக் கூடாது. சங்கடமான விவரங்கள் பெரும்பாலும் ஆங்கில முழு அறிக்கையில்தான் கிடக்கும். அந்த இடத்தின் இப்போதைய சூழலை விவரிக்கும் மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்து, நீர்நிலை வரைபடத்தை வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். ஓடை காணாமல் போயிருக்கலாம். மேய்ச்சல் புறம்போக்கு 'தரிசு' ஆகியிருக்கலாம். வேறு அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டிய பத்திகளும் உண்டு, சம்பந்தமில்லாத ஊர்ப் பெயரோடு!

மனு இப்படி இருக்கட்டும்: 'பக்கம் 84, அட்டவணை 3.7: இன்ன சர்வே எண்ணில் ஓடும் ஓடை காட்டப்படவில்லை. கிராம வரைபட நகல் இணைப்பு.' 'விவசாயம் அழிந்துவிடும்' என்று மட்டும் எழுதினால், 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்று நிறுவனத்தார் ஒரு வரியில் பதில் எழுதிவிடுவார்கள். பக்க எண்ணோடு கேட்டால் அப்படி நழுவ முடியாது. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் வாரியத்துக்கு எழுத்து மூலமாகவும் அனுப்பலாம். நேரில் கொடுத்தால் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் ஒலிபெருக்கி முன் முதலில் பெயர், ஊர், பிறகு கருத்து. முழு நிகழ்வும் வீடியோவில் பதிவாக வேண்டும். பலர் கோட்டைவிடுவது கடைசிக் கட்டத்தில். எழுப்பப்பட்ட கருத்துகளின் தொகுப்பை அங்கேயே தமிழில் வாசித்து விளக்க வேண்டும். ஒப்புக்கொள்ளப்பட்ட குறிப்பில் தலைமை வகித்தவர் அன்றே கையெழுத்திட வேண்டும். அதற்குள் பந்தல் காலியாகிவிடுகிறது. ஐந்து பேராவது உட்கார்ந்திருந்து, விடுபட்டதை அந்த இடத்திலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். வாசிக்காமல் முடித்தால், அதையே ஆட்சேபமாக எழுதி அன்றே கொடுத்துவிடலாம்.

அனுமதி வந்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம்; தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. அவகாசம் 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தாமதத்தை மன்னிக்கலாம். 91-ஆம் நாள் போனால் கதவு திறக்காது. முத்திரை வாங்கிய அந்த மனு நகலும் வீடியோவும் அங்கேதான் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்