வடக்குப் பக்கமும் கேட்கட்டும்

ஹாம்பர்க் நகரப் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். புனித மிக்கேல் தேவாலயத்தின் கோபுரத்துக்காக ஒரு கோரிக்கை. ஊரார் 'மிஹெல்' என்று செல்லமாகக் கூப்பிடும் அதே கோபுரம்தான். உயரம் 132 மீட்டர். எல்பே ஆற்றில் வந்த கப்பல்களுக்குத் தூரத்திலேயே ஊரைக் காட்டிக்கொடுத்த அடையாளம் அது.

அதன் மேலிருந்து வாரநாட்களில் காலை பத்து மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும், ஞாயிறன்று நண்பகலிலும், ஒருவர் டிரம்பெட்டில் பக்திப்பாடல் வாசிக்கிறார். ஒரு சாளரத்தில் வாசித்துவிட்டு அடுத்த சாளரத்துக்கு நடந்து போய், இப்படி நான்கு திசைக்கும். 300 ஆண்டுகளுக்கு மேலான வழக்கம் இது. இத்தனை காலத்தில் கட்டடமே இரண்டு முறை எரிந்துபோனது. 1750இல் இடி விழுந்தது. பிறகு சோனின் என்ற கட்டடக் கலைஞர் எழுப்பிய கோபுரம் 1786இல் முடிந்தது. அதுவும் 1906 ஜூலையில் போனது. மேலே பற்றவைப்பு வேலை நடந்தபோது பிடித்த தீ. அன்று கோபுரக் காவலரும் அதில் இறந்தார். அதை நினைக்காமல் என்னால் அந்தப் படிகளில் ஏற முடிவதில்லை. வேறு மாதிரி கட்டலாம் என்ற பேச்சு வந்தும், ஊர் பழைய வடிவத்தையே கேட்டு வாங்கியது. 1912இல் கோபுரம் மறுபடி நின்றது.

சரி, இதில் உங்கள் வேலை எங்கே வருகிறது? தேவாலயத்துக்கு வடக்கே லுட்விக் எர்ஹார்ட் சாலை. போருக்குப் பிறகு நகரின் நடுவே அகலமாக வெட்டிய சாலை அது. தெற்கே துறைமுகத்தைப் பார்த்து வாசிப்பது கீழே நிற்பவருக்குக் காதில் விழுகிறது. வடக்கே திரும்பியதும் வண்டி இரைச்சல் அதை விழுங்கிவிடுகிறது. எதிர்ப்பக்க நடைபாதையில் எத்தனையோ இரவு நின்று பார்த்துவிட்டேன், பாட்டு துண்டுதுண்டாகத்தான் வருகிறது.

சாலையை மூடச் சொல்லவில்லை. அவர் வாசிக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும், தேவாலயத்தை ஒட்டிய பகுதியில் வேகத்தைக் குறையுங்கள். வேகம் இறங்கினாலே டயர் சத்தம் பெருமளவு அடங்கிவிடும். நேரம் நிலையானது என்பதால், மின்னணுப் பலகை ஒன்று வைத்தாலே போதும்.

முதலில் ஞாயிறு நண்பகலில் மட்டும் ஒரு மாதம் செய்து பாருங்கள். அப்புறம் இரவு ஒன்பது மணியைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
வடக்குப் பக்க நடைபாதையில் நிற்கும் ஒருவர்