வேனை விற்றுவிடாதே, மாப்ள

சேந்தமங்கலம்,
தை 20

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் பொங்கல் முடிந்த வாரம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாசல் வரை தனியாக நடக்கிறாள். சின்னவள் நாமக்கல்லில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். கொல்லிமலையில் மிளகு பறிப்பு தொடங்கிவிட்டதால் நான் வாரத்துக்கு இரண்டு முறை மலை ஏறி இறங்குகிறேன். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையையும் இன்னும் என் பழைய மாருதி ஆம்னி வேன்தான் ஏறுகிறது.

உன் ஆம்னியை விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தாய். முன்பக்கம் சத்தம், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, மொத்தமாக மாற்றினால் வண்டி விலையில் பாதி ஆகும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருந்தாய். அவசரப்படாதே. இந்த மூன்றும் என் வண்டியிலும் இருந்தன. எங்கே தப்பு செய்தேன் என்று சொல்கிறேன், அதைப் படித்துவிட்டு முடிவெடு.

எனக்கு முதலில் கேட்டது பிரேக் பிடிக்கும்போது ஒரு ‘டொக்’, காலை எடுக்கும்போது இன்னொரு ‘டொக்’. ஆம்னியில் நாம் உட்காருவதே முன்சக்கரத்தின் மேல்தான், அதனால் அது காதுக்கு முன்னால் இடுப்புக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் நான் ஆறு மாதம் அப்படியே ஓட்டினேன். இடது முன் டயரின் உள்விளிம்பு மொழுமொழுவென்று ஆன பிறகுதான் பயம் வந்தது. இரண்டு முறை வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்தேன். ஒரு வாரம் நேராகப் போகும், பிறகு பழையபடி இழுக்கும்.

கடைசியில் நாமக்கல்லில் ஒரு பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு பெரியவர், லாரிகளிலேயே நாற்பது வருடம் கழித்தவர். முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, தாங்கு கட்டை கொடுத்துவிட்டு, டயருக்கு அடியில் நீளக் கம்பியை விட்டு நெம்பினார். சக்கரம் மேலும் கீழும் ஆடியது. சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம் தரும் உருண்டை மூட்டு, அதாவது பால் ஜாயின்ட், தேய்ந்திருந்தது. அப்புறம் லோயர் ஆர்மை, அதாவது சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் இரும்புக் கையை, கம்பியால் தள்ளிக் காட்டினார். அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கும் புஷ்ஷின் ரப்பர் கிழிந்து, ஆர்ம் முன்னும் பின்னும் போய்வந்தது. நான் கேட்ட ‘டொக்’ அதுதான். ஆர்மே நிலையாக நிற்காதபோது எந்த அலைன்மென்டும் நிற்காது. புஷ் தேய்ந்த அன்றே மாற்றியிருந்தால் டயராவது மிஞ்சியிருக்கும். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, மாப்ள, நிறைய பேர் கவனிக்காதது. இதற்கு முன்பும் ஒரு தடவை வேறொரு இடத்தில் புஷ் மாற்றியிருந்தேன். நாலே மாதத்தில் கிழிந்துவிட்டது. ரப்பர் மட்டம் என்று நினைத்தேன். பெரியவர்தான் காரணம் சொன்னார். இந்த புஷ் பேரிங் மாதிரி சுழலாது. போல்ட்டை இறுக்கினால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும், ஆர்ம் மேலே கீழே போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், வண்டியைத் தரையில் இறக்கிய உடனே ரப்பர் பாதி முறுக்கிலேயே நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு குழிக்கும் இன்னும் முறுக்கும். எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் கிழியத்தான் செய்யும். அதனால் போல்ட்டை லேசாகப் பூட்டி, வண்டியை நாலு சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அப்புறம் முழுசாக இறுக்கவேண்டும். பின்பக்கம் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையின் முனையை வண்டியோடு கோக்கும் ஷாக்கிளின் புஷ்ஷுக்கும் இதே முறைதான். புது ரப்பருக்குக் கண்ட கிரீஸையும் தடவ விடாதே, ஊறி உப்பிவிடும். உள்ளே போக மறுத்தால் சோப்புத் தண்ணீர் போதும்.

இப்போது பின்பக்கம். உன் வண்டி உட்கார்ந்திருப்பதற்கு ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். நானும் அதைத்தான் செய்தேன். வாழைத்தார், மிளகு மூட்டை என்று பாரம் ஏற்றும்போது வண்டி நிமிர்ந்து நின்றது, சந்தோஷப்பட்டேன். ஆனால் வெறும் வண்டியாக வரும்போது பின்பக்கம் துள்ளியது. ஆம்னிக்கு 12 அங்குலச் சக்கரம், சின்னக் குழியிலும் நன்றாக இறங்கிவிடும். விறைத்த பட்டை அந்த அடியை வாங்காமல் பாடிக்கே தள்ளும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று, ஒவ்வொரு குழிக்கும் அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அந்தக் கூடுதல் பட்டையை எடுத்துவிட அன்றைக்கே முடிவு செய்தேன். கழற்றிப் பார்த்தபோது, பட்டையின் முனையைப் பிடித்திருக்கும் இடத்தில் தகடு துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது. மழைத்தண்ணீரும் சேறும் அங்கே தங்கியதை நான் கழுவவே இல்லை. அதை வெல்டு வைத்துச் சரிசெய்துதான் மற்ற வேலையைத் தொடங்கினோம். நீயும் முதலில் அந்த இடத்தைச் சுரண்டிப் பார். அது உறுதியாக இல்லாமல் புதுப் பட்டை போடுவதில் பயனில்லை.

வளைவு இறங்கிய பட்டையை அடித்து வளைத்துத் தருபவர்கள் உண்டு. சூடாக்கிப் பதம் ஏற்றாமல் வெறுமனே அடித்தால் சில மாதத்தில் மறுபடி இறங்கிவிடும். நான் மெயின் பட்டையை, அதாவது அடுக்கில் மிக நீளமானதை, புதிதாகப் போட்டேன். மற்றவற்றைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட்டும், அவற்றைப் பின் அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகளும் புதிது வாங்கினேன். சென்டர் போல்ட் அறுந்தால் பின் அச்சு நகர்ந்து வண்டி கோணலாக ஓடும், ஆகவே அதில் மிச்சம் பிடிக்காதே. யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று படியப் படியக் கொஞ்சம் தளரும்.

குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர் விஷயம் சுருக்கமாக: ஒரு மூலையை அமுக்கி விடு, ஒரு முறை எழுந்து அடங்கவேண்டும். ஊஞ்சல் மாதிரி ஆடினாலோ, எண்ணெய் வழிந்திருந்தாலோ மாற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, ஜோடியாக மாற்று. முன்பக்கம் ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்ற யாரையும் விடாதே. அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே அடித்துவிடும். நீயே பிரித்துப் பார்க்கும் ஆசை உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். முதலில் தகட்டில் துரு இருக்கிறதா பார். பிறகு முன்பக்க ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட். அதற்குப் பிறகு அலைன்மென்ட். பட்டை வேலையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், ஷாக் அதற்கும் பிறகு. ஆம்னி 2019 வரை வந்த வண்டி, சாமான் தேடி அலையவேண்டியதில்லை. என்னுடையது 2006-ல் பதிவானது. 15 வருடம் முடிந்து 2021-ல் பதிவைப் புதுப்பித்தேன். ஐந்து வருடம் முடிகிறது, இந்த வருடம் மறுபடி வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டவேண்டும். தைரியமாகக் கொண்டுபோவேன்.

உன் மனைவிக்கு மலை மிளகு ஒரு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் வண்டியிலேயே வா, இருவரும் சோளக்காடு வரை ஒரு நடை போய்வரலாம். ஆர்ம் போல்ட்டை இறுக்கும் நேரம் மட்டும் டீ குடிக்கப் போய்விடாதே. சக்கரம் தரையில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
உன் மச்சான்