சாம்பாரில் கலந்த மாத்திரை

அல்சூர், பெங்களூர்

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ கேட்டபோது அப்பா பக்கத்தில் இருந்தார், அதனால் பேச்சை மாற்றிவிட்டேன். மாப்பிள்ளையின் குடியை நிறுத்த, அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்க ஏதோ பொடி வாங்கியிருப்பதாகச் சொன்னாயே, அதைத் தூக்கிப் போட்டுவிடு பாப்பா.

நீ ஆறாவது படிக்கும்போது நானும் அதைச் செய்தேன். யாரோ சொன்னார்கள் என்று குடியை நிறுத்தத் தரும் டைசல்பிரம் மாத்திரையை நுணுக்கி அப்பாவின் சாம்பாரில் போட்டேன். மறுநாள் ராத்திரி குடித்துவிட்டு வந்தவர் வாசலிலேயே சாய்ந்தார். முகம், கழுத்தெல்லாம் செக்கச்செவேல் என்று ஆகி, நெஞ்சு படபடத்து, ஒரே வாந்தி. சாராயம் உடம்பில் முழுசாகச் செரிக்க விடாமல் பாதியில் தடுக்கிற மருந்து அது. நிறுத்தின பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்குமாம். தெரிந்தே, டாக்டர் கண்காணிப்பில் சாப்பிடுகிறவருக்கு அது நல்ல துணைதான். நான் செய்ததோ உயிரோடு விளையாட்டு. டாக்டர் கேட்டபோது அப்பா எதிரிலேயே ஒப்புக்கொண்டேன். அப்பா திட்டவில்லை. ஆனால் பல வாரம் நான் போட்ட சோற்றை மோந்து பார்த்துத்தான் சாப்பிட்டார்.

மாப்பிள்ளையை ரூமில் போட்டுப் பூட்டிக் குடியை நிறுத்தவும் நினைக்காதே. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அப்பா போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார். தயாமின் என்கிற வைட்டமின் ஊசி, நடுக்கத்துக்கு மருந்து எல்லாம் கொடுத்துத்தான் அதைத் தாண்டினோம்.

அப்புறம் நால்ட்ரெக்சோன். ஈரலைச் சோதித்துவிட்டுத்தான் தந்தார்கள். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் மருந்து.

குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு அப்பா முதலில் மாட்டேன் என்றார். 1935-இல் அமெரிக்காவில் குடியிலிருந்து மீளப் போராடிய இரண்டு பேர் தொடங்கியது, கட்டணம் கிடையாது. அங்கே வரும் கடவுள் பேச்சு அவருக்கு ஒட்டவில்லை. ஆனால் அவர் என்னிடம் சொன்ன அதே பொய்களை இன்னொருவர் தன் வாயால் சொல்லக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். என்னைக் கேட்டால், முதல் சில மாதம் மாத்திரை தாங்கியது, அதற்கப்புறம் கூட்டம். எல்லோருக்கும் இப்படியே என்று சொல்லமாட்டேன். எட்டாம் மாதம் ஒரு கல்யாணத்தில் மறுபடி குடித்தார். டாக்டர் கோபப்படவில்லை, மருந்தை மாற்றி எழுதினார்.

இதையெல்லாம் எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையிடம் தானே பேசுகிறேன் என்கிறார். போனை அவரிடம் கொடு.

அம்மா