புளூட்டோ நீக்கப்பட்டது சிறியது என்பதால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான சூரியக் குடும்பம் பற்றிய கட்டுரையை என் பேத்தி வாய்விட்டுப் படிக்க, நான் பக்கத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ‘புளூட்டோ மிகச் சிறியதாக இருந்ததால் 2006-இல் கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது’ என்ற வரி வந்ததும் அவள் நிமிர்ந்து, “அப்போ எத்தனை கிலோமீட்டர் இருந்தா கோள், பாட்டி?” என்று கேட்டாள். கட்டுரையில் அதற்கு விடை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனெனில், அந்த முடிவு அளவை வைத்து எடுக்கப்படவே இல்லை. முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள் என்பதால், இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

வியாழனைச் சுற்றிவரும் கனிமீடு என்னும் நிலவின் விட்டம் ஏறத்தாழ 5,270 கி.மீ. புதனின் விட்டம் 4,880 கி.மீ.தான். ஆனாலும் புதன் கோள், கனிமீடு நிலவு. 2006 ஆகஸ்ட் 24 அன்று செக் குடியரசின் பிராகா நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோள் என்பதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தது: அது சூரியனைச் சுற்றிவர வேண்டும், தன் சொந்த ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவுக்கு நிறை கொண்டிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தில் மற்ற பொருட்களை அகற்றித் தானே ஆதிக்கம் பெற்றிருக்க வேண்டும். இந்த மூன்றில் எதிலும் கிலோமீட்டர் கணக்கு இல்லை.

இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் விளக்க அனுமதியுங்கள். கையளவு கல் கோணல்மாணலாக இருப்பதற்குக் காரணம், அதன் ஈர்ப்பைவிடப் பாறையின் உறுதி பன்மடங்கு பெரியது என்பதே. நிறை கூடக் கூட ஈர்ப்பின் கை ஓங்கி, மேடு அமுங்கிப் பள்ளம் நிரம்பி, அந்தப் பொருள் உருண்டையை நோக்கிச் செல்கிறது. செவ்வாயில் ஒலிம்பஸ் மலை 21 கி.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்க முடிவதற்கு, அங்கு ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு மட்டுமே என்பது ஒரு முக்கியக் காரணம்; பூமியில் அத்தனை உயரம் எழும்பினால் அடிப்பாறை தாங்காது. பொருளின் தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. பனிக்கட்டியாலான சனியின் நிலவு மீமாஸ் 400 கி.மீ. விட்டத்திலேயே உருண்டையாகிவிட்டது, பாறையாலான சிறுகோள் வெஸ்டாவோ 525 கி.மீ. இருந்தும் முழு உருண்டையாகவில்லை. இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே கோடு கிழிக்க முடியாததற்கு இதுவே காரணம்.

மூன்றாவது நிபந்தனைதான் புளூட்டோவைத் தடுத்தது. அதைப் புரிந்துகொள்ள, சூரியக் குடும்பம் பிறந்த கதைக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன், மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்த வாயு, தூசு மேகமொன்று தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரியத் தொடங்கியது. வகுப்பில் சுழல் நாற்காலியொன்றில் மாணவன் ஒருவனை உட்கார வைத்து, இரு கைகளிலும் எடைக்கற்களைக் கொடுத்துக் கைகளை விரிக்கச் சொல்லிச் சுற்றிவிடுவேன். கைகளை மார்போடு சேர்த்ததும் நாற்காலி விர்ரென்று வேகமெடுக்கும். சுருங்கிய மேகத்துக்கும் அதுதான் நடந்தது. சுழலும் தளத்தில் அந்தச் சுழற்சியே மேலும் சரியவிடாமல் தடுத்தது. அச்சின் திசையில் அப்படியொரு தடை இல்லாததால், மேலிருந்தும் கீழிருந்தும் வந்தவை மோதி அடங்கி, மேகம் தட்டாயிற்று. எட்டுக் கோள்களும் இன்றும் ஏறக்குறைய ஒரே தளத்தில், ஒரே திசையில் சூரியனைச் சுற்றுவது அந்தத் தட்டின் சுவடுதான்.

‘தூசுகள் ஈர்ப்பு விசையால் ஒட்டிக்கொண்டன’ என்று கட்டுரையில் இருந்ததும் திருத்தப்பட வேண்டியது. தூசுக்கும் தூசுக்கும் இடையிலான ஈர்ப்பு பொருட்படுத்தத் தக்கதே அல்ல. கட்டிலுக்கு அடியில் தூசு உருண்டை திரள்வதுபோல, தொட்டதும் ஒட்டவைக்கும் மின்சார விசைகளே தொடக்கத்தில் வேலை செய்தன. கிலோமீட்டர் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஈர்ப்பு பொறுப்பேற்றது. பெரியது மேலும் இழுத்தது, இழுத்ததால் மேலும் பெரியதாயிற்று. அப்படி வளர்ந்தவை தம் பாதையில் கிடந்தவற்றை விழுங்கின, அல்லது வீசியெறிந்தன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலோ, வியாழனின் ஈர்ப்பு குலைத்துக்கொண்டே இருந்ததால் கோள் ஒன்று திரளவில்லை. 1801-இல் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட சீரிஸைப் பல பத்தாண்டுகள் கோள் என்றே எழுதினார்கள். அதே பகுதியில் அதைப் போன்ற பொருட்கள் மேலும் மேலும் தென்பட்டதும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். புளூட்டோவுக்கு நேர்ந்தது புதிதல்ல.

வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, பூமியின் நிறை அதன் பாதைப் பகுதியில் உள்ள மற்றவை அனைத்தின் நிறையைப்போல் ஏறத்தாழ 17 லட்சம் மடங்கு. புளூட்டோவின் பகுதியில் கணக்கு தலைகீழ்: மற்றவற்றின் கூட்டு நிறை புளூட்டோவின் நிறையைவிடப் பத்து மடங்குக்கும் அதிகம். நெப்டியூன் சூரியனை மூன்று முறை சுற்றும் காலத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுவதும், நெப்டியூனின் ஈர்ப்புக்குள் அது கட்டுண்டு கிடப்பதால்தான். மூன்றாவது நிபந்தனையின் வாசகம் தளர்வானது என்பதும், அதில் ஓர் எண் சேர்த்திருக்கலாம் என்பதும் என் கருத்து. வியாழனின் பாதையிலும் ஆயிரக்கணக்கான சிறுகோள்கள் உண்டே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவை வியாழனுக்கு அறுபது பாகை முன்னும் பின்னுமாக, அதன் ஈர்ப்பும் சூரியனின் ஈர்ப்பும் வகுத்த இடத்தில்தான் திரிகின்றன. அது வியாழனின் ஆதிக்கத்துக்கே சான்று.

இன்னொன்று. அதே கட்டுரை ஓரிடத்தில் சீரிஸையும், வேறோரிடத்தில் பூமியைக் கடந்துசெல்லும் சாதாரண விண்பாறைகளையும் ‘குறுங்கோள்’ என்று எழுதியிருந்தது. சீரிஸ், புளூட்டோ, ஏரிஸ், ஹவ்மேயா, மக்கேமக்கே ஆகிய ஐந்தையும் ஒன்றியம் ஏற்றுக்கொண்ட, உருண்டையாகியும் தன் பாதையில் ஆதிக்கம் பெறாத வகைக்குக் குறுங்கோள் என்றும், உருண்டையாகாத பாறைகளுக்குச் சிறுகோள் என்றும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே சீராக எழுதும்படித் தங்கள் செய்திப் பிரிவுக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன். என் பேத்தி இரண்டு சொற்களையும் நோட்டில் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
தஞ்சாவூர்